ஆள் இறங்காத தொட்டி

(மல்லசமுத்திரத்தில் பொறியியல் மாணவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், பொதுமக்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கட்டடங்களுக்குள் கை எட்டாத இடங்களைச் சுத்தம் செய்யும் ரோபோவை எப்படி வடிவமைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மாணவர்கள் பலர் இதையே கடைசி ஆண்டு புராஜெக்டாக எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. கட்டிலுக்கு அடியில் நுழைந்து தூசி உறிஞ்சும் வட்ட ரோபோவை ஐரோபோட் என்ற அமெரிக்க நிறுவனம் 2002இல் ரூம்பா என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இன்று அது நம் ஊர் ஆன்லைன் ஆர்டரிலும் வந்து இறங்குகிறது. ஏசி காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து போவது, உயரமான கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு துடைப்பது என்று இன்னும் பல வகைகள் உண்டு. நான் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. கட்டிலுக்கு அடியில் தூசி இருந்தால் யாரும் சாவதில்லை.

நம் ஒவ்வொரு கட்டடத்தோடும் சேர்ந்த ஓர் இடம் உண்டு. போர்டிகோவுக்கு அடியிலோ, குளியலறைக்குப் பின்னாலோ, பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்திலோ ஒரு சிமென்ட் பலகை போட்டு மூடியிருக்கிறோம். செப்டிக் டேங்க். வீட்டிலேயே கை எட்டக் கூடாத இடம் அதுதான். ஆனால் ஆண்டாண்டாக அங்கே ஒரு கை எட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அது நம் கை அல்ல. கொங்குப் பகுதியில் இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறோம், எந்தத் தெருவுக்குப் போய்க் கூப்பிடுகிறோம் என்பது ஊருக்கே தெரியும். பெரும்பாலும் அருந்ததியர் மக்களைத்தான். ரோபோ வடிவமைப்பு பற்றிய கூட்டத்தில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். இந்தத் தொட்டியைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணமே அதுதான். உள்ளே இறங்க ஓர் ஆள் எப்போதும் கிடைப்பார் என்ற நம்பிக்கை இருக்கும் வரை யாரும் இயந்திரத்தைத் தேடுவதில்லை.

முதலில் அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வடிவமைப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கழிவு உள்ளே விழுந்ததும் மூன்றாகப் பிரிகிறது. எண்ணெய்ப் பசையும் இலேசான பொருள்களும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் கலங்கல் நீர். கனமானது அடியில் கசடாகப் படியும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கசடைச் சிறிது சிறிதாகத் தின்று வாயுக்களை வெளியிடும். மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு. இதில் ஹைட்ரஜன் சல்பைடுதான் எமன். காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியிலேயே தேங்கி நிற்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு அது ஏறிவிட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. உள்ளே இருப்பவர், 'நாற்றம் குறைந்துவிட்டது, பரவாயில்லை' என்று நினைப்பார். அந்த நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஆயிரம் பங்கை எட்டினால் இரண்டு மூன்று மூச்சில் ஆள் சுருண்டு விழுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வாயு முழுவதும் காற்றில் கலந்து நிற்பதில்லை. பெரும்பகுதி கசடுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். மூடியைத் திறந்து வைத்து, தீக்குச்சி கிழித்துப் பார்த்து, 'ஒண்ணும் ஆகலை, இறங்கு' என்று சொல்வது பழைய வழக்கம். மீத்தேன் காற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருந்தால் அந்தத் தீக்குச்சியே வெடி வைத்துவிடும். வெடிக்காமல் போனாலும், இறங்கியவர் மண்வெட்டியால் கசடைக் கிளறிய அந்த நொடியில் அடைபட்ட வாயு மொத்தமாக எழும்பும். ஆகவே மேலிருந்து அளந்து பார்த்துவிட்டு ஆளை இறக்குவது பாதுகாப்பே இல்லை. வேலை தொடங்கிய பிறகுதான் தொட்டி கொலைகாரனாக மாறுகிறது.

ஒருவர் விழுந்தால் அவரோடு முடிவதும் இல்லை. மேலே நிற்கும் தம்பியோ மகனோ கூட வேலை செய்பவரோ பதறிக் குதிப்பார். அவரும் விழுவார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே வருவது இதனால்தான். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆள்நுழைக் குழிக்குள் இரண்டு தொழிலாளர்கள் மயங்கிக் கிடந்தார்கள். அந்த வழியாகப் போன ஓர் ஆட்டோ ஓட்டுநர் காப்பாற்ற இறங்கினார். மூவருமே இறந்தார்கள்.

சட்டம் இந்த வேலையைத் தடுத்து நெடுங்காலம் ஆகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் வந்த சட்டம், பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதையும் குற்றமாக்கியது. முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்றது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993க்குப் பின் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும், 1993 முதலான இறப்புக் கணக்கை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைக்கும்போதெல்லாம் பட்டியலின் உச்சியில் நிற்பது தமிழ்நாடு. படிப்பிலும் தொழிலிலும் முன்னே நிற்கிறோம் என்று பெருமை பேசும் நாம் இந்தப் பட்டியலைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்.

'லாரிதான் வருகிறதே, பைப் போட்டு உறிஞ்சுகிறதே, பிறகு ஏன் ஆள் இறங்க வேண்டும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வடிவமைப்பின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. லாரியின் வாக்குவம் பம்ப் எளிதாக உறிஞ்சுவது நடுவில் இருக்கும் நீரைத்தான். தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தால் கசடும் நீரோடு கலங்கி வந்துவிடும். நாம் அப்படி எடுப்பதில்லை. நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகுதான் லாரிக்குப் போன் போடுகிறோம். பத்துப் பதினைந்து ஆண்டு கிடந்த கசடு களிமண்ணாக இறுகியிருக்கும். அதோடு மணல், துணி, நாப்கின், பிளாஸ்டிக் உறை. இதைக் குழாய் உறிஞ்சாது. லாரி நீரை எடுத்துக்கொண்டு போன பிறகு அடியில் ஓர் அடி, இரண்டடி கெட்டிக் கசடு மிஞ்சும். அதற்குத்தான் ஆள் இறங்குகிறார்.

ஆக, ரோபோ செய்ய வேண்டிய வேலை என்ன? உறிஞ்சுவதற்கு லாரி இருக்கிறது. கெட்டியானதை உடைத்து, கரைத்து, உறிஞ்சும் பதத்துக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. இதைச் சரியாகப் பிடித்தவர்கள் சென்னை ஐஐடியில் இருக்கிறார்கள். பேராசிரியர் பிரபு ராஜகோபால் தலைமையிலான குழுவும், அங்கே படித்த மாணவர் திவான்ஷு குமார் தொடங்கிய சோலினாஸ் நிறுவனமும் சேர்ந்து 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். 2022 ஜூனில் அதை வெளியுலகுக்கு அறிவித்தார்கள். ஒரு தண்டு, அதன் நுனியில் மடங்கிய கத்தித் தகடுகள். மூடி வழியாக உள்ளே இறங்கிய பிறகு அந்தத் தகடுகள் தலைகீழாகப் பிடித்த குடை போல விரியும். சுழன்று கசடை வெட்டிக் கூழாக்கும். அதோடு சேர்ந்த உறிஞ்சு குழாய் அந்தக் கூழை வெளியே எடுக்கும்.

வெளியே இருப்பவருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். என் கண்ணுக்கு இது மிகச் சிறந்த வடிவமைப்பு. செப்டிக் டேங்கின் அடிப்படைச் சிக்கல் வாய் சிறியது, வயிறு பெரியது என்பது. உள்ளே போகும்போது சிறிதாகவும், போன பிறகு பெரிதாகவும் இருக்க வேண்டும். அந்த ஒரு தேவைக்கு நேராகப் பதில் சொல்கிறது விரியும் தகடு. இதே குழுவினர் இதற்கு முன் 'செபாய்' என்று ஒரு ரோபோவை முயன்றார்கள். மீனின் துடுப்பு அசைவைப் பின்பற்றி, கசடுக்குள் தானே நகர்ந்து வெட்டும் ஏற்பாடு. அறிவியலாகப் பார்த்தால் அது இன்னும் நுட்பமானது. ஆனால் ஊருக்குப் போனது எளிய தண்டும் தகடும்தான். மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வரங்கில் கைதட்டு வாங்கும் இயந்திரமும் சந்துக்குள் போய் வேலை செய்யும் இயந்திரமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

கேரளத்தின் 'பாண்டிகூட்' வேறு வகை. ஜென்ரோபோடிக்ஸ் என்ற இளைஞர் நிறுவனம் 2018இல் திருவனந்தபுரத்தில் அதைக் களத்தில் இறக்கியது. தெருவில் இருக்கும் ஆள்நுழைக் குழிக்குள் இறங்கி, கால்களை ஊன்றி, கை நீட்டி அடைப்பை வாளியில் அள்ளி வரும். கேமராவும் வாயு உணர்விகளும் அதிலேயே உண்டு. மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்குவார். அதே ஆண்டு கும்பகோணம் நகராட்சிக்கும் அது வந்தது. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு அது பொருத்தம். நமக்கோ வீட்டுக்கு வீடு தொட்டி. அந்த இயந்திரத்தை நம் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போக வழியில்லை.

கட்டடத்துக்குள் ஆள் போகவே முடியாத இடத்துக்கு உலகத்தின் மிகப் பணக்கார நாடுகளில் ஒன்று ரோபோ அனுப்பிய கதையையும் சொல்கிறேன். ஜப்பானில் 2011 சுனாமியில் ஃபுகுஷிமா அணு உலைகள் உருகின. 2017 பிப்ரவரியில், இரண்டாம் உலைக்குள் வழியை அடைத்திருந்த படிவுகளை நீர் பீய்ச்சி அகற்ற ஒரு துப்புரவு ரோபோவை அனுப்பினார்கள். கதிர்வீச்சில் கேமரா மங்கியதால் பாதி வேலையில் வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் போன இன்னொரு ரோபோ நடு வழியில் சிக்கிக்கொண்டது. அதன் வடத்தை அறுத்து அங்கேயே விட்டுவிட்டார்கள். கடைசியில் 2024 நவம்பரில்தான் அந்த உலையிலிருந்து உருகிய எரிபொருளின் ஒரு சிறு துணுக்கு வெளியே வந்தது. ஒரு கிராம்கூட இல்லை. அதை எடுத்து வந்தது ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் குழாய் கொண்ட கருவி.

ஃபுகுஷிமாவில் சிக்கிய ரோபோவை விட்டுவிட முடிந்தது. நம் தொட்டியில் சிக்கினால் என்ன ஆகும்? 'கொஞ்சம் இறங்கி எடுத்துவிடப்பா' என்று யாரோ ஒருவரைக் கூப்பிடுவார்கள். ஆளைக் காப்பாற்றச் செய்த இயந்திரமே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே இந்த ரோபோவின் முதல் விதி, எந்த நிலையில் பழுதானாலும் மேலிருந்தே இழுத்து எடுக்க முடிய வேண்டும் என்பது. மின்சாரம் போனால் தகடுகள் தானாக மடங்க வேண்டும். உடைந்தாலும் மேலே இழுத்துவிடும்படிதான் உடைய வேண்டும். மோட்டார் தரைக்கு மேலேயே இருக்கட்டும். மீத்தேன் நிரம்பிய இடத்தில் தீப்பொறி விடும் எதுவும் உள்ளே போகக் கூடாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கே போதும், உள்ளே போவது இரும்பும் எண்ணெயும் மட்டும்.

இப்போது இந்த மண்ணுக்கு வருகிறேன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் திருச்செங்கோடு. ரிக் வண்டிகளின் ஊர். இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போய்ப் போர்வெல் போடும் வண்டிகள் அங்கே உருவாகின்றன, அங்கிருந்து கிளம்புகின்றன. ரிக் ஓட்டுபவர் செய்யும் வேலையை யோசித்துப் பாருங்கள். ஆறரை அங்குல ஓட்டை. அதற்குள் ராடு மேல் ராடாகச் சேர்த்து ஆயிரம் அடிக்கும் கீழே இறக்குகிறார். அடியில் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கம்ப்ரசரின் சத்தம் மாறுவதையும், மேலே வரும் தூளின் நிறத்தையும், ராடில் ஏறும் அதிர்வையும் வைத்தே பாறையா, மண்ணா, தண்ணீர் இடுக்கா என்று சொல்லிவிடுவார். துளையிடும் பிட் சிக்கிக்கொண்டால் கீழே இறங்கும் பேச்சுக்கே இடமில்லை. மேலே நின்றபடியே பிடித்து இழுக்க அவரிடம் தனிக் கருவிகள் இருக்கின்றன.

சிறிய வாய், கண் காணாத ஆழம், மேலிருந்தே இயக்கம், சிக்கினால் மேலிருந்தே மீட்பு. செப்டிக் டேங்க் ரோபோவுக்கு வேண்டிய அத்தனையும் இந்த வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஹைட்ராலிக் ஹோஸ் மாட்டத் தெரிந்தவர், சிலிண்டர் சீல் மாற்றத் தெரிந்தவர், லேத்தில் தண்டு கடையத் தெரிந்தவர், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் வெல்டர் எல்லாரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். சேலம் - திருச்செங்கோடு சாலையிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். தம்பி, தங்கைகளே, புராஜெக்டுக்கு ஆன்லைனில் மோட்டார் வாங்குவதற்கு முன் ஒரு ரிக் பட்டறைக்குப் போய் உட்காருங்கள். வயதான ஆபரேட்டர் ஒருவரிடம், 'அண்ணா, ராடு சிக்கினா என்ன பண்ணுவீங்க?' என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

அதற்குப் பிறகு, லாரி ஓட்டுபவரோடும் கூட வேலை செய்பவரோடும் தொட்டிகளைப் போய்ப் பாருங்கள். மூடியின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். நம் பக்கம் 'செப்டிக் டேங்க்' என்று சொல்பவற்றில் பல, சிமென்ட் உறை இறக்கிய குழிகள். அடித்தளம் கிடையாது, வட்டமானவை. செவ்வகத் தொட்டிக்குச் செய்த தகடு அங்கே உறையில் மோதும். அடித்தளம் இல்லாத குழியில் ஆழமாக வெட்டினால் மண்ணையும் சேர்த்துத் தோண்டும். செவ்வகத் தொட்டியிலோ மூலைகளில் கசடு தங்கிவிடும். வட்டமாகச் சுழலும் தகடு மூலையை எட்டாது. மிஞ்சிய மூலைக் கசடுக்காக ஆளை இறக்கினால் நாம் செய்ததற்கு அர்த்தமில்லை. அங்கே நீர் பீய்ச்சும் முனை ஒன்று வேண்டும். தெருவிலிருந்து தொட்டி வரைக்கும் இருக்கும் சந்து இரண்டரை அடி, மூன்று அடிதான். ஆகவே இயந்திரம் துண்டு துண்டாகப் பிரிந்து, இரண்டு பேர் தூக்கும் எடையில் இருக்க வேண்டும். நாப்கினும் துணியும் தண்டில் சுற்றிக்கொள்ளும். அதை மேலே எடுத்துச் சுத்தம் செய்பவரும் ஒரு மனிதர்தான். அவர் கையில் மலம் படாமல் அந்த வேலை நடக்கும்படி வடிவமைக்காவிட்டால் குழிக்குள் இருந்த இழிவை மேலே கொண்டுவந்து வைத்தவர்கள் ஆவோம். தண்டு வெளியே வரும்போதே கழுவும் வளையம் ஒன்று வைத்துவிட்டால் போதும். செலவு பெரிதாக இராது.

இதே இயந்திரத்துக்கு நம் நாமக்கல் மாவட்டத்தில் வேறு வேலைகளும் காத்திருக்கின்றன. சவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகள், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துச் சாயப்பட்டறைத் தொட்டிகள், அடுக்குமாடிகளின் தொட்டிகள். ஆண்டு முழுக்க வேலை இருந்தால்தான் இயந்திரம் போட்ட முதலை எடுக்கும்.

இனி, இந்த இயந்திரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. இதுவரை குழிக்குள் இறங்கியவர்கள் கையில்தான். ஹோமோசெப் குழுவினர் இதை உணர்ந்திருந்தார்கள். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழியாக, தொட்டிக்குள் கணவரை இழந்த பெண்கள் தலைமை ஏற்கும் சுயஉதவிக் குழுக்களுக்குத் தமிழ்நாட்டில் முதல் இரண்டு இயந்திரங்களைக் கொடுத்தார்கள். தமிழ்நாடு, குஜராத், மகாராஷ்டிரத்தில் பத்து இயந்திரங்கள் என்பது அன்றைய திட்டம். டெல்லியில் 2019இல் குறுகிய தெருக்களுக்கான இருநூறு சாக்கடை துப்புரவு வண்டிகளைத் தொழிலாளர்களையே உரிமையாளர்களாக்கிக் கொடுத்தார்கள். சென்னைக் குடிநீர் வாரியமும் 2024இல் இருநூறுக்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களை இதே வழியில் தொழில்முனைவோராக்கியது. இயந்திரம் வந்ததும் முதலாளி வேறு யாரோ ஆகி, பழைய தொழிலாளி வேலையும் போய்த் தெருவில் நின்றால் அது முன்னேற்றம் ஆகாது. பேரூராட்சியும் கூட்டுறவு வங்கியும் நினைத்தால் மல்லசமுத்திரத்திலேயே ஒரு குழுவுக்கு ஓர் இயந்திரம் கொடுக்கலாம். ரிக் வாங்கக் கடன் தரும் வங்கி இதற்குத் தர மறுக்க எந்தக் காரணமும் இல்லை.

இயந்திரம் வரும் வரைக்கும் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீடு கட்டுபவர்களுக்கும் மேஸ்திரிமார்களுக்கும் சொல்கிறேன். ரோபோ வடிவமைப்பின் பாதி உங்கள் கையில் இருக்கிறது. தொட்டியின் ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வையுங்கள். குழாயும் தண்டும் தாராளமாக நுழையும் அகலத்தில் வையுங்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள், மாடிப்படியைக் கட்டாதீர்கள். காற்றுப்போக்கிக் குழாயை மறக்காதீர்கள். லாரிக் குழாய் எட்டும் பக்கமாகத் தொட்டியை வெட்டுங்கள். உள்ளே நாப்கினும் துணியும் போடாதீர்கள்.

தொட்டி நிரம்பும் வரை காத்திருக்காமல் மூன்று ஆண்டுக்குள் ஒருமுறை எடுத்துவிடுங்கள். 14420 என்ற எண்ணுக்கு அழைத்தால் வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள். வண்டி வந்து எடுத்த பிறகு அடியில் கசடு மிஞ்சியிருந்தால் தண்ணீர் விட்டு, ஒரு நாள் ஊற வைத்து, மறுபடியும் உறிஞ்சச் சொல்லுங்கள். கூடக் கொஞ்சம் பணம் ஆகும், கொடுத்துவிடுங்கள். 'நான் இறங்கி அள்ளிவிடுகிறேன், ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்க' என்று யாராவது சொன்னால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லி மூடியை மூடிவிடுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் குதிக்காதீர்கள், 112க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் போடுங்கள்.